வட்டத்தை முட்டையாக்கிய சதி

“அளக்காம நான் இதுவரைக்கும் எதையும் நம்பினதில்ல. எனக்குப் பொண்ணு பாத்தப்போ, அஞ்சடி ரெண்டு அங்குலம்னு சொன்னாங்க. கதவோரமா நிக்கவச்சு பென்சில்ல கோடு போட்டுப் பாத்தேன். அஞ்சடி ஒண்ணே முக்கால். கால் அங்குலம் பொய் சொல்லித்தான் என் தலையில கட்டியிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே வெர்னியர் என் பேனாவை வெர்னியரின் இரண்டு பற்களுக்கு நடுவே வைத்து இறுக்கினார்.

முதலில் சொன்ன வெர்னியர் ஆள். இரண்டாவது கருவி. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறு போட்டுக் காட்டும் அந்த எஃகுக் கருவி இருபது வருடமாக அவருடைய சட்டைப்பையில் குடியிருக்கிறது. அதன் கனத்தால் சட்டையின் இடப்பக்கம் எப்போதும் ஒரு விரல்கடை தாழ்ந்தே இருக்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது ரசீதுப் புத்தகத்தின் தலைப்பில் மட்டும் உயிர்வாழ்கிறது.

பெயர் பொறிக்கக் கொண்டுவந்த என் பேனா எட்டு மில்லிமீட்டர் கனம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“யாரு சொன்னா?”

பெட்டியில் அச்சடித்திருக்கிறது என்றேன். பேய் பார்த்தேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பரிவோடு பார்த்தார். பிறகு கருவியைக் கண்ணருகே கொண்டுபோய் “ஏழு தொண்ணூத்தி நாலு” என்றார். என் முகம் சுருங்கியதைக் கவனித்து, “விடுங்க, படிச்சவங்களே ஏமாந்துதான் போறாங்க” என்று ஆறுதலும் சொன்னார்.

கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் மிஞ்சிய இடம். உள்ளே லேசர் மெஷின், கம்ப்யூட்டர், புகையை வெளியே தள்ளும் பெருங்குழாய், ஒரு முக்காலி. வந்தவர் உட்கார்ந்தால் முதலாளி நிற்க வேண்டும். கேடயம், கதவு எண் பலகை, சாவி வளையம் என்று எது வந்தாலும் லேசர் கதிரால் அதில் எழுத்துப் பொறித்துக் கொடுப்பது தொழில். பொறித்த எழுத்தை அழிக்க முடியாது என்பதால் தொழிலும் சந்தேகமும் ஒரே தட்டில் உண்டு வளர்ந்தன. பெயரை வாடிக்கையாளரே கைப்பட எழுத வேண்டும். உரக்கப் படிக்க வேண்டும். கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர் ஒருவர் தன் கேடயத்துக்குத் தானே பெயர் எழுதிக் கொடுத்தார். வெர்னியர் அவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய், அவருடைய மனைவிக்குப் போன் போட்டு, “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?” என்று விசாரித்துவிட்டுத்தான் மெஷினை ஓட்டினார்.

அவர் இரண்டு கைக்கடிகாரம் கட்டுவார். இடக்கைக் கடிகாரத்தை மேற்பார்வையிட வலக்கைக் கடிகாரம். இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டினால் எதை நம்புவது என்று ஒரு நாள் கேட்டேன். அது பிரச்சினையே இல்லை என்றார். “ரெண்டும் ஒரே நேரம் காட்டுதுன்னு வைங்க, அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வரும். ரெண்டும் பேசிவச்சிக்கிச்சோன்னு.”

லிஃப்டில் ஏறினால் ‘எட்டு பேர்’ என்ற அறிவிப்பை வாசிப்பார், உடனிருப்பவர்களின் இடுப்பை ஒரு சுற்றுப் பார்வையிடுவார், இறங்கிப் படியேறிப் போவார். பால் வாங்கினால் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்த பிறகே அடுப்புக்குப் போகும். கால் அங்குலப் பழியை முப்பது வருடமாகச் சுமந்துவரும் அவருடைய மனைவி இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை என் காதுபடச் சொன்னார். “ஏங்க, உங்க நிழல் கூட வந்தாலும் அதுகிட்ட அடையாளச் சீட்டு கேப்பீங்களா?” வெர்னியர் அதை யோசிக்க வேண்டிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ரோட்டரி நுழைந்தது.

லேசர் மெஷின் தட்டையான பொருளில் மட்டுமே எழுதும். கப், பாட்டில், ஃபிளாஸ்க் போன்ற உருண்டைகளில் எழுத வேண்டுமானால் அதற்குள் ரோட்டரி என்ற துணைக்கருவியை வைக்க வேண்டும். இரண்டு ரப்பர் உருளைகள், ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். உருளைகளின் மேல் கப்பைப் படுக்கவைத்தால், உருளை சுற்றச் சுற்றக் கப்பும் சுற்றும். மேலிருந்து லேசர் கோடு கோடாக எழுதிக்கொண்டே போகும். இதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் உண்டு. ‘ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர்’ என்று அது கேட்கும். விற்றவர்கள் அதில் ஓர் எண்ணைப் போட்டே அனுப்பியிருந்தார்கள். வெர்னியர் அது என்ன எண் என்றுகூடப் பார்க்கவில்லை. “அடுத்தவன் போட்ட நம்பருக்கு என் மெஷின்ல என்ன வேலை?” என்று முதல் நாளே அழித்துவிட்டார். கூட வந்த குறிப்புத் தாளையும் படிக்கவில்லை. விற்றவனே எழுதிய தாள், அவனுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்.

அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்த்தால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். ஒரு கப் வந்தால் அதன் விட்டத்தை மூன்று இடத்தில் அளப்பார். கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பார். அதிலிருந்து சுற்றளவு கண்டுபிடித்து, புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரைக்கும் கட்டத்தில் போடுவார். இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தும் ரோட்டரி அவரை மதிக்கவில்லை. வட்டம் போடச் சொன்னால் முட்டை போட்டது.

வேறு வேலையாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். வந்திருந்தது சொந்த மகளின் கல்யாண வேலை.

மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். மாப்பிள்ளையின் அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர். மீட்டர் போட்டு ஓட்டும் மனிதருக்கும் மீட்டரையே நம்பாத மனிதருக்கும் சம்பந்தம் கூடியது எப்படி என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் இரண்டும் பெரியவர்களைக் கேட்காமலே பேசி முடித்த விஷயம் அது. மண்டபம் பார்க்கப் போனபோது சம்பந்தியின் வண்டியிலேயே போனார்கள். வெர்னியர் முன்சீட்டில் உட்கார்ந்து, மீட்டர் சொல்லும் தூரம் சரிதானா என்று விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தார். சம்பந்திக்கு அது தெரியும். தெரிந்தும் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். சம்பந்தியின் மனைவி பின்சீட்டில் இருந்தார். அவர் பேசாமல் இருக்கும் வகையல்ல. வீட்டுக்குப் போகும்வரை அடக்கிவைத்துக்கொள்ளும் வகை.

விருந்தினருக்கு ஆளுக்கொரு கப் கொடுப்பதென்று முடிவாயிற்று. கறுப்புப் பூச்சு பூசிய எஃகுக் கப். வாங்கித் தருவது மாப்பிள்ளை வீடு. அதில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் இரண்டு பெயரும் பொறித்துத் தருவது பெண் வீடு. நூற்றிருபது கப், சோதனைக்கு ஆறு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமைக்குள் ஆறும் முட்டையாகிவிட்டன.

வெர்னியர் கலங்கவில்லை. விசாரணையைத் தொடங்கினார்.

முதல் சந்தேகம் கரண்டின் மேல். மேல்மாடியில் யாரோ துணி துவைக்கும் நேரத்தில்தான் வட்டம் நசுங்குகிறது என்று கண்டுபிடித்து, மேலே போய், அவர்கள் மெஷினை நிறுத்தும்வரை வாசலில் நின்றார். நிறுத்திய பிறகும் முட்டை. அடுத்தது மோட்டாரின் திருகு. அது நழுவுகிறதா என்று பார்க்க அச்சின்மேலும் சக்கரத்தின்மேலும் சேர்த்து மையால் ஒரு கோடு போட்டார். கோடு கலையவே இல்லை. பிறகு, கப் ரப்பரின் மேல் வழுக்குகிறதோ என்று கப்புக்குள் மணல் பொட்டலத்தை வைத்துக் கனம் ஏற்றினார். கப்பைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டினார். உருளையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கனமான முட்டை கிடைத்தது, அவ்வளவுதான்.

வழுக்கல் இல்லை என்பதற்கு ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது. ஆறு முட்டைகளையும் அளந்தார். ஆறும் ஒரே அகலம். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. ஒல்லியான பாட்டில் ஒன்றை வைத்துப் பார்த்தபோது முட்டை நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கொண்டது. வேறு ஆளாக இருந்தால், தப்பு இவ்வளவு ஒழுங்காக வருகிறதென்றால் கொடுத்த எண்ணில்தான் கோளாறு என்று யோசித்திருப்பார். வெர்னியர் யோசித்தது வேறு.

“தெரியாம தப்புப் பண்றவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பண்ணுவான். இது ஆறு தடவையும் அச்சு பிசகாம ஒரே தப்பு. குண்டு கப்புன்னா நசுக்குது, ஒல்லி பாட்டில்னா இழுக்குது. ஆளப் பாத்துப் பண்ணுது சார். இது யாரோ உக்காந்து திட்டம் போட்ட வேலை” என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் பேனா இன்னும் தயாராகவில்லை என்பதால் நானும் மூன்றாவது தடவையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். சந்தேகப் பட்டியலில் நானும் இருந்தேனோ என்னவோ, சொல்லும்போது என் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

மெஷின் குற்றமற்றது என்று ஆனபின் மீதி இருந்தது கப். வியாழக்கிழமை காலையிலிருந்து அவர் கப்புகளை அளக்கத் தொடங்கினார். நூற்றிருபதையும். ஒவ்வொன்றையும் வாயில், வயிற்றில், அடியில். எழுபத்தைந்து புள்ளி முப்பத்தாறு, எழுபத்தைந்து புள்ளி முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நாற்பதாவது கப்பின் வாய் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கோணலாக இருந்தது. தேடின மாடு கொட்டிலிலேயே அகப்பட்டதுபோல முகம் மலர்ந்தது. அன்று மாலை வீட்டில், சாப்பிடும்போது, மகளையும் மனைவியையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “கப்பு கோணல். மாப்பிள்ளை வீட்ல மலிவா அள்ளிக்கிட்டு வந்திருக்காங்க.”

சொல் போய்ச் சேர அதிக நேரம் பிடிக்கவில்லை. மனைவி தன் அக்காளிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். அக்காளுக்கு மாப்பிள்ளையின் அத்தையைத் தெரியும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் சம்பந்தியம்மாவிடமிருந்து மகளுக்குப் போன் வந்தது. மண்டபத்துக்குப் போன நாளிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் அந்தப் போனில் இருந்தது. எங்கள் மீட்டரை எண்ணினார், பொறுத்தோம். எங்கள் கப்பை அளக்கிறார், கோணல் என்கிறார். இத்தனை கோணலான வீட்டுக்குப் பெண் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து, மத்தியானம் ஆள் வரும், கப்பைக் கொடுத்தனுப்பிவிடட்டும், மற்றதை அப்புறம் பேசலாம். அந்த ‘மற்றது’ என்ன என்று மகள் கேட்கவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் அவள் கடைக்கு வந்தாள். பேனாவுக்காக நானும் அங்கே நின்றிருந்தேன். அவள் முக்காலியில் உட்காரவில்லை.

“அப்பா, கப்பு வட்டமா வருதோ முட்டையா வருதோ, எனக்கு அதைப் பத்திக் கவலை இல்ல. ஆனா கோணல்னு சொல்லிட்டீங்க. இனிமே அந்த வீட்ல என்னை அளப்பாங்க. தெனமும் அளப்பாங்க. நான் என்ன பண்ணாலும் கால் அங்குலம் கொறையும்.”

அப்படிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வெர்னியர் வெகுநேரம் நாற்பதாவது கப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அளக்கவில்லை. வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தார். இடக்கைக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, வலக்கைக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பேனாவைக் கேட்க அது நேரமில்லை என்று நானும் மத்தியானம்வரை காத்திருந்தேன்.

மத்தியானம் வந்த ஆள் சம்பந்தியேதான். வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து, அட்டைப் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். கோபமாக இருந்தாரா என்று சொல்ல முடியவில்லை. நாளெல்லாம் பின்சீட்டுச் சண்டைகளைக் கேட்டுப் பழகிய முகம் அது, ஒன்றும் வெளியே தெரியாது. வீட்டில் எடுத்து வரச் சொன்னார்கள் என்றார். எடுத்துப்போகலாம் என்றார் வெர்னியர். 

பெட்டியைத் தூக்கக் குனிந்த சம்பந்தியின் கண், மெஷினில் படுத்திருந்த ஆறாவது கப்பின் மேல் பட்டது. கறுப்புக்கு நடுவே வெள்ளி முட்டை. அதற்குள் இரண்டு பெயரும் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பதுபோல நின்றன. அதில் ஒன்று அவர் மகன் பெயர்.

“இது எப்படி ஓடுது?” என்றார்.

வெர்னியர் பதில் சொன்னது வீம்புக்காகத்தான் இருக்க வேண்டும். உருளை சுற்றும், கப் சுற்றும், கப்பின் சுற்றளவு இருநூற்று முப்பத்தாறு புள்ளி ஏழு ஐந்து பூஜ்யம் நாலு, அதைக் கட்டத்தில் போட்டிருக்கிறேன், ஒரு புள்ளி பிசகில்லை என்று ஒப்பித்தார்.

“மோட்டாரு எதைச் சுத்துது? கப்பையா, உருளையையா?”

“உருளைய.”

“அப்ப உருளைதானே சக்கரம்.” சம்பந்தி பெட்டியைக் கீழே வைத்தார். “கப்பு வந்து ரோடு. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா வண்டி எவ்வளவு தூரம் போகும்னு மீட்டர்ல போடுவாங்க. ரோட்டோட நீளத்தை அளந்து யாராச்சும் மீட்டர்ல போடுவாங்களா சம்பந்தி? பெரிய சக்கரம் மாட்டினா மீட்டரை மாத்துவோம், சின்னது மாட்டினாலும் மாத்துவோம். ரோடு மாறினா மாத்த மாட்டோம்.”

 வெர்னியரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உண்மை பிடிபட்ட வெளிச்சம் என்றுதான் நான் நினைத்தேன். அது வேறு வெளிச்சம்.

“அப்போ மீட்டரை மாத்துவீங்க” என்றார் மெதுவாக.

சம்பந்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். விளக்குக் கம்பங்களை எண்ணிய நாளிலிருந்து அவர் இந்தக் குற்றச்சாட்டுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் கிளம்பவில்லை.

“சக்கரம் மாறியும் மீட்டரை மாத்தாம ஓட்டினாத்தான் சம்பந்தி ஏமாத்து.”

வெர்னியர் மெஷின் பக்கம் திரும்பினார். ரோட்டரியின் உருளையைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மறுபடி உருளையைப் பார்த்தார். நாலு இலக்கத் துல்லியத்தோடு இத்தனை நாள் தப்பான பொருளை அளந்துகொண்டிருந்த மனிதர் முகத்தில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. காது மட்டும் சிவக்கும்.

அவர் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். சம்பந்தி யாரும் கேட்காமலே மெஷினுக்குள் குனிந்து, படுத்திருந்த கப்பை எடுத்து ஓரம் வைத்தார். மேஜையிலிருந்து ஒரு காகிதப் பட்டையைக் கிழித்து உருளையைச் சுற்றி இழுத்தார். முனை தொட்ட இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, அடிக்கோலில் வைத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

“நூத்தி எண்பத்தெட்டு. இல்ல, ஒம்பது. கண்ணாடிய வண்டியிலயே வச்சிட்டு வந்துட்டேன். நீங்க ஒரு தடவ பாத்துக்கங்க சம்பந்தி” என்று பட்டையை நீட்டினார்.

வெர்னியர் திரும்பவில்லை. கட்டத்தில் இருந்ததை அழித்தார். ஒன்று, எட்டு, ஒன்பது என்று தட்டினார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த முதல் கப்பை எடுத்து, துணியால் ஒரு முறை துடைத்து, உருளைகளின் மேல் படுக்கவைத்தார். பட்டை இன்னும் சம்பந்தியின் கையில் நீட்டியபடியே இருக்க, பச்சைப் பொத்தானை அமுக்கினார்.